படைமாட்சியும் அமைச்சும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே அமைச்சை 64ஆம் அதிகாரமாக வைத்தார். படைமாட்சியை 77ஆம் அதிகாரமாக வைத்தார். இடையே நிற்பன பன்னிரண்டு அதிகாரங்கள். சொல்வன்மை, வினைத்தூய்மை, குறிப்பறிதல், அவையஞ்சாமை முதலியன அமைச்சனுக்குரிய கல்வியைச் சொல்வன. அவற்றைக் கடந்தபின் நாடு வரும், அரண் வரும், பொருள் வரும். அதன் பின்னரே படை வரும். இவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர் கூறும் காரணம் ஒருபுறம் இருக்க, படையிலிருந்து அமைச்சுக்குப் போக விழைவான் ஒருவன் இப்பன்னிரண்டு படிகளையும் பின்னோக்கி ஏறவேண்டும் என்று யான் மாணாக்கருக்கு விளையாட்டாகச் சொல்வதுண்டு. ஈழநாட்டில் அவ்வாறு ஏற முயன்றோர் சிலர். அவருள் தலையாயவர் ஒருவருடைய வரலாறு மன்னார்க் கரையிலுள்ள முள்ளிக்குளம் என்னும் சிற்றூரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படைத்தலைமையும் அமைச்சும் ஒருவரிடத்தே சேர்வது உலகில் அரிதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1947இல் இயற்றப்பட்ட சட்டம், படையிலிருந்து விலகிப் பத்தாண்டு கழியாத ஒருவர் பாதுகாப்புச் செயலாளர் ஆகலாகாது என்று வரையறுத்தது. அக்காலம் 2008இல் ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. 1950இல் ஜெனரல் மார்ஷலும், 2017இல் ஜெனரல் மாட்டிஸும், 2021இல் ஜெனரல் ஒஸ்ரினும் அப்பதவியை ஏற்றபோது அந்நாட்டுப் பேரவை தனியே விலக்களிக்க வேண்டியதாயிற்று. அயல் நாடாகிய இந்தியாவில் மேஜர் பதவியோடு படையை விட்ட ஜஸ்வந்த் சிங் 2001இல் சில திங்கள் பாதுகாப்பு அமைச்சைக் கூடுதலாக ஏற்றிருந்தார். நம் பழைய வரலாற்றிலோ எதிர்த்திசையிற் சென்றார் ஒருவர் உளர். வாதாபியை வென்று மீண்ட சிறுத்தொண்டரை, அவர் அடியார் என்று அறிந்த அரசன் படைத்தொழிலினின்று விடுவித்து, நிதியும் கொடுத்து ஊருக்கு அனுப்பினான் என்பார் சேக்கிழார். வென்ற தளபதியை வீட்டுக்கு அனுப்பிய அரசு அது.

இலங்கையில் இவ்விணைப்பு எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிய அரசமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். சோல்பரி அரசமைப்பின்படி பிரதம மந்திரியே பாதுகாப்புக்கும் வெளிவிவகாரத்துக்கும் அமைச்சராவார். 1978இன் பின்னர் ஜனாதிபதியர் பெரும்பாலும் அத்துறையைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். ஆகவே ‘பாதுகாப்பு அமைச்சர்’ என்னும் பெயர் நாட்டின் முதல்வர்க்கு உரியதாக, அமைச்சின் உண்மையான ஆட்சி பிரதியமைச்சரிடமோ, இராஜாங்க அமைச்சரிடமோ, செயலாளரிடமோ தங்குவது வழக்கமாயிற்று. இதனை மறந்தால் பின்வரும் செய்தி விளங்காது.

முதலில் வருபவர் சேர் ஜோன் கொத்தலாவலை. 1922இல் இலங்கை இலகு காலாட்படையில் தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்து கேணல் நிலைவரை உயர்ந்தவர். 1953 ஒக்டோபரில் பிரதம மந்திரியாகி, அதனால் பாதுகாப்பு அமைச்சருமானார். யாழ்ப்பாணம் வந்தபோது தமிழுக்கும் சிங்களத்துக்கும் சம உரிமை வழங்குவேன் என்று வாய்விட்டுச் சொன்னார். தெற்கிலே கிளம்பிய கூச்சலைக் கேட்டபின், 1956 பெப்ரவரியில் களனியிற் கூடிய அவர் கட்சி சிங்களம் மட்டுமே என்று தீர்மானித்தது. தீர்மானித்தும் பயனில்லை, ஏப்பிரல் தேர்தலில் அக்கட்சிக்குக் கிட்டியவை எட்டு ஆசனங்களே. களத்தில் பின்வாங்கும் தளபதிக்குப் படையாவது எஞ்சும். சொல்லிற் பின்வாங்கியவருக்கு அதுவும் எஞ்சவில்லை. எனினும் தம் கந்தவலைத் தோட்டத்தைப் படைக்கல்விக் கழகம் ஒன்றுக்கு ஈந்தார். இரத்மலானையில் அவர் பெயரால் அமைந்த அக்கழகம் இக்கதையில் மறுபடியும் வரும்.

இரஞ்சன் விஜேரத்ன தோட்டத்துரையாயிருந்து பாதுகாப்பு இராஜாங்க அமைச்சராகி, 1991 மார்ச் 2ஆம் நாள் கொழும்பில் குண்டுவெடிப்பில் இறந்தார். தொண்டர் படை அதிகாரியாயிருந்த அனுருத்த ரத்வத்தை 1994இல் பாதுகாப்புப் பிரதியமைச்சரானார். 1995 டிசம்பரில் யாழ்ப்பாணத்திற் கொடியேற்றினார். ஜெனரல் பட்டமும் பெற்றார். 1997இல் அவர் காலத்துத் தொடங்கிய ‘ஜெயசிக்குறு’ என்னும் பெரும்போர், பெயரில் வெற்றியை வைத்துக்கொண்டு வன்னிக் காட்டிற் சிக்கி மறு ஆண்டின் இறுதியில் கைவிடப்பட்டது. இவ்விருவரையும் இம்மட்டில் விடுவோம்.

கோட்டாபய ராஜபக்ச 1949 யூன் 20இல் மாத்தறை மாவட்டத்துப் பலட்டுவையிற் பிறந்தவர். ஒன்பது மக்களுள் ஐந்தாமவர். தந்தையார் டி. ஏ. ராஜபக்ச பெலியத்தைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிற் பயின்ற கோட்டாபய 1971 ஏப்பிரல் 26ஆம் நாள் பயிலுநர் அதிகாரியாகத் தரைப்படையிற் சேர்ந்தார். நாளை நோக்குக. மக்கள் விடுதலை முன்னணியினரின் முதற் கிளர்ச்சி அதே மாதம் 5ஆம் நாள் வெடித்தது. நாடெங்கும் ஊரடங்கும் துப்பாக்கிச் சூடுமாய் இருந்த வாரங்களில் இவ்விளைஞர் தியத்தலாவைக்குச் சென்றார். அக்கிளர்ச்சியாளர் கட்சியை இவ்வரலாற்றின் முடிவில் வேறொரு கோலத்திற் காண்போம்.

1972இல் இரண்டாம் லெப்டினன்டாகச் சமிக்ஞைப் படையிற் சேர்ந்தவர், சிங்கப் படையணி, இரஜரட்டைத் துவக்குப்படை என்பவற்றின் வழியாக, 1983இல் உருவாக்கப்பட்ட கஜபாப் படையணிக்கு வந்தார். பாக்கிஸ்தானத்திலும், அசாமின் காட்டுப்போர்ப் பள்ளியிலும், அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றார். நீலகிரி வெலிங்டனில் உள்ள ஊழியர் கல்லூரியிற் பயின்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக் கல்விப் பட்டமும் பெற்றார். தமிழ்நாட்டு மலையிற் பெற்ற பட்டம் தமிழர் வாழும் வடமராட்சியிற் பயன்பட்டது என்பது வரலாற்றின் கோணல்களுள் ஒன்று. 1987 மே 26இல் தொடங்கிய வடமராட்சிப் படையெடுப்பில் கஜபாவின் முதற் பட்டாளத்துக்கு அவரே தலைவர். யூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப்பொதிகளைப் போட்டன, யூலை 29இல் இரு நாட்டு உடன்படிக்கை கையொப்பமாயிற்று, படையெடுப்பு நின்றது. களத்தில் இருந்த அதிகாரிகளுக்கு அது ஆறாத புண்ணாயிற்று. பதினெட்டாண்டு கழித்துத் தாம் அமைச்சின் தலைவாயிலில் அமர்ந்தபோது, போர் எதன்பொருட்டும் இடையில் நிற்கலாகாது என்று கோட்டாபய கொண்ட உறுதி இப்புண்ணிலிருந்தே தோன்றியது என்பது என் துணிபு.

1989இல் அவர் மாத்தளை மாவட்டத்தின் படை இணைப்பதிகாரியாய் இருந்தார். மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாம் கிளர்ச்சி கொடிய முறையில் அடக்கப்பட்ட காலம் அது. 2012 இறுதியில் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 150க்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டபோது அக்கால அதிகாரிகளை நோக்கி வினாக்கள் எழுந்தன. தம்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்துள்ளார். 1990இல் யாழ்ப்பாணக் கோட்டையில் முற்றுகையிடப்பட்டோரை மீட்ட படை நடவடிக்கையிலும் பங்கு கொண்டார். இறுதியாகக் கொத்தலாவலைக் கழகத்தின் பிரதித் தளபதியாய் இருந்து, 1991இல், இருபதாண்டுச் சேவையின் பின், லெப்டினன்ட் கேணல் நிலையில் விலகினார்.

அப்பால் வந்த பதினான்கு ஆண்டுகளை வாழ்க்கை வரலாறு எழுதுவோர் விரைந்து கடந்து விடுவர். யான் அங்கே சற்று நிற்க விரும்புகின்றேன். நாற்பது வயதைக் கடந்த படைவீரர் ஒருவர் கணினித் தொழில்நுட்பம் கற்கிறார். 1998இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்கிறார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லொயோலாச் சட்டக் கல்லூரியில் கணினி அமைப்பைப் பேணும் ஊழியராகிறார். 2003இல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெறுகிறார். இஃது இழிவன்று; பாடுபட்டு உண்ணும் எந்தத் தொழிலும் இழிவன்று. ஆனால் தேர்தலில் நின்று வாக்குக் கேட்டல், கிராமச் சங்கத்தின் முறைப்பாட்டைக் கேட்டல், பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் வினாவுக்கு விடையிறுத்தல் ஆகிய ஒன்றும் அப்பதினான்கு ஆண்டுகளில் இல்லை. வள்ளுவர் இடையே வைத்த படிகளுள் ஒன்றிலும் அவர் கால் வைக்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தின் பத்தாண்டு அளவைக்கூட அவர் தாண்டியிருந்தார். எனினும் ஆண்டுக் கணக்கு வேறு, ஆளுந் திறக் கணக்கு வேறு.

2005 நவம்பரில் தமையனார் மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியானார். தம்பியார் பாதுகாப்பு அமைச்சின் செயலாளரானார். பெயரளவில் அமைச்சர் தமையனார். நாள்தோறும் அமைச்சை நடத்தியவர் தம்பியார். 2006 டிசம்பர் 1ஆம் நாள் கொழும்பு பித்தளைச் சந்தியில் அவருடைய வண்டித்தொடர்மீது தற்கொலைத் தாக்குதல் நிகழ்ந்தது. அவர் உயிர் தப்பினார். முப்படைகளையும் ஒரு நூலிற் கோத்தார், ஆட்சேர்ப்பைப் பெருக்கினார், படைத்தளபதி சரத் பொன்சேகா கேட்டவற்றைக் கொடுத்தார். கடலிலே புலிகளின் ஆயுதக் கப்பல்களைத் தேடி அழித்தல் கடற்படையின் முதற் கடமையாயிற்று. இவற்றில் அவர் காட்டிய வினைத்திட்பத்தை மறுப்பது நேர்மையாகாது. தரையில் முதலிற் கையிடப்பட்ட இடங்களுள் ஒன்று மன்னாரின் தென்கரை. 2007 செப்டெம்பர் தொடக்கத்தில் சிலாவத்துறை படையினர் வசமாயிற்று.

இவ்விடத்தே முள்ளிக்குளம் வருகின்றது.

முசலிப் பிரதேசத்தின் தெற்கில், வில்பத்துக் காட்டின் வடவெல்லையாகிய மோதரகம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியை அடுத்துள்ளது இவ்வூர். முத்துக்குளிப்பிற் பேர்போன அரிப்பும் கொண்டச்சியும் வடக்கே உள்ளன. முள்ளி என்பது கழிக்கரையில் வளரும் முட்செடி. சங்க நூல்களில் வரும் முண்டகம் என்பதற்கு உரைகாரர் கழிமுள்ளி என்று பொருள் உரைப்பர். ஆகவே ஊரின் பெயரே நெய்தலும் மருதமும் கலந்த பெயர்: முள்ளி நெய்தலுக்கு, குளம் மருதத்துக்கு. ஊரவர் வாழ்வும் அங்ஙனமே. கரைவலையும் உண்டு, குளத்துக்குக் கீழே வயலும் உண்டு. கத்தோலிக்கக் குடிகள், நடுவே மாதா ஆலயம், ஓகஸ்ட் 15இல் திருவிழா.

2007 செப்டெம்பர் 8ஆம் நாள் அவர்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டனர். சில நாளில் மீளலாம் என்ற எண்ணத்தோடு கையில் அகப்பட்டதை எடுத்துச் சென்றனர். போர் வடக்கே நகர்ந்தது; மடு, விடத்தல்தீவு, கிளிநொச்சி என்று ஒவ்வொன்றாய் வீழ்ந்தன; 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. முள்ளிக்குளத்தார் மீளவில்லை. அவர்தம் ஊரிலே வடமேற்குக் கடற்படைக் கட்டளையகம் அமைந்தது. எஞ்சி நின்ற வீடுகளுட் சில கடற்படையினரின் குடும்பங்களுக்கு உறைவிடமாயின. குளமும் வயலும் முட்கம்பிக்கு உள்ளே. உரியவர் வெளியே, மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில்களில். தம் ஆலயத்திற் பூசை காண்பதற்கும் கடற்படையின் இசைவு வேண்டியிருந்தது.

கடற்படை இக்கரையை விரும்பியதற்குக் காரணம் விளங்காததன்று. இந்தியக் கரைக்கும் இதற்கும் இடைப்பட்ட கடல் குறுகியது. எரிபொருளும் வெடிமருந்தும் இவ்வழி வந்ததுண்டு. படைக்கணக்கிலே அது சரி. போர் முடிந்தபின் அக்கணக்கை மூடி வேறு கணக்கைத் திறப்பதே அமைச்சின் வேலை. அதனைச் செய்விக்கப் படையாளனுக்கு மேலே ஒருவன் இருக்கவேண்டும். மேலே இருந்தவரும் படையாளராகவே எண்ணினார். 2010இன் பின்னர் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. கொழும்பின் நடைபாதைகள் அழகு பெற்றன. அதனைப் புகழ்ந்தோர் பலர். குடிசைவாசிகள் பெயர்க்கப்பட்டனர், அதனைப் பேசியோர் சிலர். காணி என்பது வரைபடத்தில் ஒரு நிறம் என்னும் நோக்கு தலைநகரிலும் முசலியிலும் ஒன்றாகவே இருந்தது.

நடுநிலைக்காக ஒன்று சொல்ல வேண்டும். இதே மன்னார் மண்ணிலிருந்து 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்களைத் துரத்தியவர் விடுதலைப் புலிகள். முசலியின் முஸ்லிம் ஊர்கள் புத்தளத்து முகாம்களில் இருபதாண்டு காத்திருந்தன. ஊரை இழந்த துயர் துப்பாக்கி ஏந்தியவரின் மொழியைப் பார்த்து வேறுபடுவதில்லை.

போரின் இறுதித் திங்கள்களில் இறந்தோர் 40,000 வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இற் கூறியது; அரசு மறுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, அரசே அமைத்த ஆணைக்குழுவின் முன் சென்று, அரச செயலகங்களின் குடித்தொகைக் கணக்கையே எடுத்துவைத்து, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். 2021 ஏப்பிரல் 1இல் அவர் மறையும்வரை அவ்வினாவுக்கு விடை வரவில்லை. 2020 ஜனவரியில், அப்போது ஜனாதிபதியாகிவிட்ட கோட்டாபய, காணாமற்போனோர் இறந்தே போயினர், இறப்புச் சான்றிதழ் வழங்க ஏற்பாடு செய்வோம் என்று ஐக்கிய நாடுகள் அதிகாரியிடம் சொன்னார். பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடும் படை எழுத்தாளனின் சொல் அது. பிள்ளையைத் தேடும் தாய்க்கு அமைச்சன் சொல்லும் சொல்லாகாது. சொல்வன்மை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் அமைச்சுக்கு அடுத்த அதிகாரமாக வைத்தமை எத்துணைப் பொருத்தம்!

2015 ஜனவரியில் தமையனார் தோற்றார். தம்பியாரின் பதவியும் போயிற்று. வெற்றிக்கு உழைத்த சரத் பொன்சேகா 2010இலேயே எதிர்த்து நின்று தோற்றுச் சிறையும் கண்டு, 2015இல் பீல்ட் மார்ஷலாகி, 2016இல் அமைச்சரானது தனிக்கதை. ஆட்சி மாறிய காலத்தில் முள்ளிக்குளத்தாருக்குத் துணிவு பிறந்தது. 2017 மார்ச் 23இல் கடற்படைத் தளத்தின் வெளியே பந்தலிட்டுப் போராட்டம் தொடங்கினர். பெண்களே பெரும்பான்மையோர். ஏப்பிரல் 29இல் கடற்படைத் தளபதி 100 ஏக்கரை விடுவிக்க இசைந்தார். ஆயின் ஊரின் நடுப்பகுதியும் வீடுகளும் முகாமுக்கு உள்ளேயே நின்றன. ஆண்டுகள் கடந்தும் முகாம் அகலவில்லை. இதனைக் கண்டோ, தாமே துணிந்தோ, மறு ஆண்டு ஏப்பிரலில் இரணைதீவு மக்கள், 1992இற் பிரிந்த தம் தீவுக்குப் படகுகளில் ஏறித் தாமாகவே சென்று இறங்கினர்.

2019 நவம்பர் 16இல் நடந்த தேர்தலில் கோட்டாபய 52.25 வீத வாக்குப் பெற்று ஜனாதிபதியானார். வன்னித் தேர்தல் மாவட்டம், அதாவது மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மற்றவருக்கே வாக்களித்தது. அவர் பதவியேற்ற இடம் அநுராதபுரத்து றுவன்வெலிசாயா. ஒரு நாளும் பாராளுமன்றத்தில் அமர்ந்திராத பழைய லெப்டினன்ட் கேணல் ஒருவர் நாட்டின் தலைவராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் கமல் குணரத்ன செயலாளர். கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது அதனைத் தடுக்கும் பணியின் தலைமை மருத்துவரிடம் செல்லாமல் படைத்தளபதியிடம் சென்றது. நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே ஆகவேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரிவரை நின்றது. பின்பு அவ்வுடல்களைப் புதைக்க அரசு முதலிற் காட்டிய இடம் எது தெரியுமா? இரணைதீவு! மீனவர் தெருவில் இறங்கினர். அத்திட்டம் கைவிடப்பட்டு ஓட்டமாவடி குறிக்கப்பட்டது.

அதே ஆண்டு மே மாதம் செயற்கை உர இறக்குமதி ஒரு கட்டளையால் நிறுத்தப்பட்டது. வயல் அணிவகுப்புத் திடலன்று. ‘திரும்பு’ என்றால் ஒரு போகத்திலே திரும்பாது. முசலியின் குளத்துக்கீழ் வயல்களும் பொலன்னறுவை வயல்களும் இவ்வொன்றில் ஒத்த துயர் எய்தின. நவம்பரிற் கட்டளை மீட்கப்பட்டது. ஆனால் விளைச்சல் மீளவில்லை. 2022 ஏப்பிரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தல் நிறுத்தப்பட்டது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நீண்ட வரிசைகள். காலிமுகத்திடலில் இளைஞர் கூட்டம். யூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குட் புகுந்தனர். தரைப்படையில் வாழ்க்கையைத் தொடங்கியவர் அன்று கடற்படைக் கலத்தில் ஏறினார். 13ஆம் நாள் விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் பறந்தார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார். முப்படையும் தம்மை ஆக்கியவருக்கு இறுதிவரை தொண்டு செய்தன. செப்டெம்பர் 2இல் நாடு திரும்பினார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பானவருள் அவரையும் ஒருவராகச் சுட்டியது. 2024இல் தாம் சதியால் வீழ்த்தப்பட்டதாக நூலொன்று வெளியிட்டார்.

2024 செப்டெம்பரில் மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். பாதுகாப்புத் துறையையும் தாமே ஏற்றார். 1971இல் எக்கிளர்ச்சி மூண்ட வாரங்களில் ஓர் இளைஞர் படையிற் சேர்ந்தாரோ, அக்கிளர்ச்சியாளரின் கட்சி அவர் அமர்ந்த ஆசனத்தில் அமர்ந்தது. ஆயினும் அதே நவம்பரில் அமைச்சின் பிரதியமைச்சராக வந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் அருண ஜயசேகர; அதற்கு முன்பே செயலாளராய் அமர்ந்தவர் ஓய்வுபெற்ற எயர் வைஸ் மார்ஷல் சம்பத் துயகொந்தா. வடமேற்குக் கட்டளையகத்தின் கோப்பும், மலங்காட்டாரும் காயாக்குழியாரும் தம் காணிக்காக எழுதும் விண்ணப்பங்களும் போய்ச் சேர வேண்டிய வாயில் அவ்வமைச்சின் வாயிலே.